சுருவிலில் இருந்து பார்த்தால் தர்சன் விழுந்து கிடக்கிறான்

நிலக்ஷன் காலையில் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது, தர்சன் விழுந்துவிட்டானா என்பதை. விழ வேண்டியது தர்சனின் சேர்வர். ஆள் நன்றாக இருக்கட்டும், கை கால் சுகத்தோடு இருந்து தன் சேர்வர் விழுவதைப் பார்க்கட்டும் என்பதே நிலக்ஷனின் விருப்பம். அவ்வளவு பெருந்தன்மை அவனிடம் இருந்தது.

இருவரும் ஒரே கம்பஸில் கணினி விஞ்ஞானம், இறுதி வருடம். நிலக்ஷன் சுருவில். தர்சன் புங்குடுதீவு. இரண்டு ஊருக்கும் இடையில் கடலுக்கு மேலால் போகும் ஒரு றோட்டும் நாலு வருடப் பொறாமையும் கிடந்தன. உயர்தரப் பரீட்சையில் தர்சன் ஒரேயொரு இடம் முன்னுக்கு வந்தான். பத்து இடம் முன்னுக்கு வந்திருந்தால் நிலக்ஷன் மன்னித்திருப்பான். முதலாம் வருடத்தில் நிலக்ஷன் தாடி விட்டான். இரண்டு கிழமை கழித்துத் தர்சனும் விட்டான், அவனுக்கு அது முளைத்தது. இதையெல்லாம் நிலக்ஷன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஃபோனில் ஒரு கோப்பில் திகதி போட்டு வைத்திருந்தான்.

பிறகு தர்சன் 'படகு வருதோ' என்ற செயலியைச் செய்தான். குறிகாட்டுவான் இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அப்புத்துரை, நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ படகு புறப்பட்டதும் தன் ஃபோனில் ஒரு பொத்தானை அமத்துவார். அந்தச் செய்தி சிங்கப்பூரில் இருக்கும் ஒரு கிளவுட் சேர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, படகு நூறு மீற்றர் தாண்டுவதற்குள் நயினாதீவில் காத்து நிற்பவரின் கைக்கு வந்துவிடும். கடல் சரியில்லை, இன்றைக்குப் படகு இல்லை என்றால் அதையும் சொல்லும். மூன்று தீவுகளும் அதைப் பாவித்தன. நிலக்ஷனின் அம்மா இராசமலரும் பாவித்தார். நயினாதீவில் இருக்கும் தன் தங்கச்சி வரும் நாட்களில் அதைப் பார்த்துத்தான் அவர் உலை வைப்பார்.

"உந்தப் புங்குடுதீவுப் பெடியனுக்கு நல்ல மூளை என்ன?" என்றார் ஒருநாள், அரிசி கழுவிக்கொண்டே.

"எல்லாருக்கும் மூளை இருக்கு, அம்மா."

"ஓம். அவன் பாவிக்கிறான்."

கன்ரீனிலும் அதே கதைதான். நெடுந்தீவுப் பிள்ளை கோபிகா, தர்சனின் தட்டில் தன் வடையில் பாதியைப் பிய்த்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "நேற்று உம்மட ஆப்பாலதான் அம்மா தப்பினவ. படகு இல்லையெண்டு காட்டினபடியால் யாழ்ப்பாணத்திலயே நிண்டிட்டா. இல்லாட்டி குறிகாட்டுவானில வெயிலுக்க காஞ்சிருப்பா."

"கடல் கொந்தளிக்குதோ எண்டு கடலைப் பாத்தாலே தெரியும்," என்றான் நிலக்ஷன்.

"யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில நிண்டு கடலைப் பாருமன் பாப்பம்."

தர்சன் சிரிக்கவில்லை. "இல்லையடி, அவன் சொல்லுறதும் சரி," என்றான். அதுதான் நிலக்ஷனுக்கு ஆகவும் தாங்கேலாமல் போனது.

இந்த நேரத்தில்தான் அந்த வேலை வந்தது. யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கந்தோர் திறந்த ஒரு நிறுவனம் இந்த வருடம் கம்பஸில் இருந்து ஒரேயொரு ஆளை எடுக்கப்போகிறது என்றார்கள். நம்பகத்தன்மைப் பொறியியலாளர். ஊரில் உள்ள சேர்வர்களெல்லாம் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கின்றன, எத்தனை தரம் விழுகின்றன, விழுந்தால் எப்போது எழும்புகின்றன என்று பார்த்துச் சொல்லும் வேலை. இறுதி வருட ஆய்வுகளின் வாய்மொழிப் பரீட்சையான வைவாவில் நிறுவனத்து ஆள் வந்து இருப்பார், பார்த்து எடுப்பார். அடுத்தவன் எப்போது விழுவான் என்று பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம். இந்த வேலைக்குத் தன்னைவிடத் தகுதியான ஆள் வடமாகாணத்தில் இல்லையென்று நிலக்ஷன் மனப்பூர்வமாக நம்பினான். அந்த இடம் மட்டும் கிடைத்துவிட்டால் தாடியைக்கூட மறந்துவிடலாம்.

ஆய்வுக்குத் தலைப்பு வைத்தான்: 'தீவகத்தில் கிளவுட் சேவைகளின் செயற்றிறனும் நம்பகத்தன்மையும்: ஒரு மதிப்பீடு.' சேவைகள் என்று பன்மையில் எழுதியிருந்தாலும் மதிப்பிட்டது ஒன்றைத்தான். மேற்பார்வை செய்த விரிவுரையாளர் இரண்டு புத்தி சொன்னார். ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒரு சேவையையும் சேர்த்து அளக்க வேண்டும். மற்றது, ஒரு இடத்தில் இருந்து மட்டும் அளக்கக் கூடாது, இன்னொரு ஊரிலும் ஒரு கருவி வைக்க வேண்டும். புங்குடுதீவில் நிலக்ஷனுக்குத் தெரிந்த வீடு தர்சனுடையது மட்டுமே. அறிக்கையில் 'கால அவகாசம் போதாமையினால்' என்று ஒரு வரி எழுதி இரண்டையும் முடித்துவைத்தான்.

கருவி என்பது உள்ளங்கை அளவான ஒரு கணினி. அதை அறைக்குள் அலுமாரிக்கு மேல் வைத்தான். அது ஹோல் சுவரில் இருந்த வைஃபை பெட்டி வழியாக, அரை நிமிடத்துக்கு ஒருதரம் தர்சனின் சேர்வரைக் கூப்பிட்டு 'உயிரோடு இருக்கிறாயா' என்று கேட்கும். பதில் வந்தால் எத்தனை மில்லிசெக்கனில் வந்தது என்று குறிக்கும். வராவிட்டால் சிவப்பாக ஒரு கோடு போடும். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது தரம். தாய்கூடத் தன் பிள்ளையை அவ்வளவு விசாரிக்கமாட்டாள்.

முதல் பதினொரு நாளும் ஒரு கோடுகூடச் சிவக்கவில்லை. நிலக்ஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினோராம் நாள் வேறொரு துக்கமும் வந்தது. கொழும்பில் ஒரு பயிற்சி இடத்துக்குப் போட்டிருந்த விண்ணப்பம் சரிவரவில்லை என்று மின்னஞ்சல். அம்மாவிடம் சொன்னான்.

"அதை எப்ப அனுப்பினனீ?" என்று கேட்டார் இராசமலர்.

"போன கிழமை."

"என்ன நாள், எத்தினை மணி?"

"திங்கக்கிழமை. காலமை எட்டு மணிபோல. ஏன்?"

இராசமலர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அழுகிறார் என்று நினைத்து நிலக்ஷன் மெதுவாக அறைக்குள் போய்விட்டான்.

அடுத்த நாள் கம்பஸால் வந்து பார்த்தபோது திரையில் சிவப்பு. பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி நாலரை தாண்டும்வரை ஒரே சிவப்பு. தர்சன் ஒன்றரை மணித்தியாலம் விழுந்து கிடந்திருக்கிறான். நிலக்ஷன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சிவப்பை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக இரண்டு தரம் பார்த்தான். பிறகு குசினிக்குப் போய் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான்.

அதற்கடுத்த நாளும் விழுந்தது. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் ஒருதரம், ஒவ்வொரு தரமும் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து நிமிடம். இயங்கு வீதம் தொண்ணூற்று மூன்று தசம் நான்கு. தர்சன் தன் செயலியின் முகப்பில் 'தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது வீதம் நம்பகமானது' என்று போட்டிருந்தான். தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம் விழலாம். இவன் ஒன்றரை மணித்தியாலம் விழுகிறான். மூன்று தீவையும் ஏமாற்றுகிறான்.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு, விழும் நேரத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. திங்கள் காலையில் விழுந்தால் செவ்வாய் பின்னேரம். புதன் மத்தியானம். ஆனால் எல்லாத் திங்களும் ஒரே நேரம், எல்லாச் செவ்வாயும் ஒரே நேரம். நிலக்ஷன் இதற்கு ஒரு கணித மாதிரி எழுதினான். அடுத்த வீழ்ச்சி எப்போது என்று அது சொல்லும். சொன்னபடி நடக்கும். நூற்றுக்கு நூறு. உலகத்தில் எந்தச் சேர்வரின் வீழ்ச்சியையும் எவரும் இவ்வளவு துல்லியமாக முன்கூட்டிச் சொன்னதாக அவன் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை. காரணமாக 'வாராந்தப் பயனர் அழுத்தச் சுழற்சி' என்று மூன்று பக்கம் எழுதினான். அந்தத் தோற்றப்பாட்டுக்குத் 'தர்சன் விளைவு' என்று பெயரிட்டான். பல வருடங்களுக்குப் பிறகு பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர் வரும் என்று யோசித்து, தர்சனின் பெயர் பாடப்புத்தகத்தில் வருவதை அவனால் தாங்க ஏலாமல், 'நிலக்ஷன் மாதிரி' என்று மாற்றினான்.

ஒருவருக்கும் அவன் சொல்லவில்லை. தர்சனைக் கண்டால் சிரித்தான். தர்சனும் சிரித்தான்.

வைவா ஒரு வியாழக்கிழமை. தலைமை விரிவுரையாளர் துர்க்கா வேதநாதன். நயினாதீவில் கோயில் பூசை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. கேள்வி கேட்கும்போது கண் சிமிட்டமாட்டார். பக்கத்தில் நிறுவனத்தில் இருந்து வந்த ஜெனிஸ்ரன். காலையில் தர்சன் தன் செயலியைக் காட்டி, எல்லோரும் தலையாட்டி, முடித்துவிட்டான். மத்தியானம் ஒன்றரைக்கு நிலக்ஷனின் முறை. தர்சனும் கோபிகாவும் பின்வரிசையில் வந்து இருந்தார்கள். நிலக்ஷன்தான் வரச்சொல்லியிருந்தான்.

அவன் ஆறுதலாகத் தொடங்கினான். நூறு நாள். இரண்டு இலட்சத்து எண்பத்தெட்டாயிரம் தரம். பிறகு படத்தைப் போட்டான். ஏழு நாளுக்கு ஏழு சிவப்புக் கட்டைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில். பின்வரிசையில் தர்சனின் முகம் வெளிறியதை அவன் கண்டான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நாலு வருடம் படித்தது போல இருந்தது.

"முதல் பதினொரு நாளும் ஒண்டும் விழேல்லையே?" என்று கேட்டார் ஜெனிஸ்ரன்.

"அந்த நேரம் அவர் கவனமா இருந்திருப்பார், சேர். பிறகு தலைக்கனம்."

"சரி."

"இப்ப ஒண்டு ஐம்பது. என்ர மாதிரியின்படி வியாழக்கிழமை இந்த நேரம் அவரின்ர சேவை விழுந்து கிடக்குது. சுருவிலில இருக்கிற என்ர கருவியில இருந்து இருபது நிமிஷமா ஒரு நல்ல பதிலும் வரேல்லை." திரையைக் காட்டினான்.

ஜெனிஸ்ரன் தன் ஃபோனை எடுத்துத் தட்டினார். "எனக்கு வேலை செய்யுதே. நெடுந்தீவுப் படகு இன்னும் வெளிக்கிடேல்லை எண்டு காட்டுது."

"உங்களுக்கு அப்பிடித் தெரியும், சேர்," என்றான் நிலக்ஷன் இரக்கத்தோடு.

துர்க்கா மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிலக்ஷன், திங்கள் எத்தினை மணிக்கு விழுகுது?"

"ஏழரை தொடக்கம் ஒன்பது, மிஸ்."

"சனி?"

"ஒன்பது தொடக்கம் பத்தரை."

"வெள்ளி பத்தரையில இருந்து பன்ரெண்டு. புதன் பன்ரெண்டில இருந்து ஒண்டரை. ஞாயிறு பின்னேரம் நாலரை."

"ஓம், மிஸ்!" நிலக்ஷனுக்கு உடம்பு சிலிர்த்தது. மாதிரி வேறொருவரின் கையிலும் வேலை செய்கிறது. "நீங்கள் கண்டுபிடிச்சிட்டியள்!"

"நான் கண்டுபிடிக்கேல்லை. எனக்கு ஏழு வயசில மனப்பாடம். நீர் உம்மட அம்மாவுக்கு ஒருக்கா ஃபோன் எடும். சத்தமாப் போடும்."

ஏனென்று தெரியாமலே எடுத்தான். ஒரே மணியில் இராசமலர் எடுத்துவிட்டார்.

"என்ன ராசா, முடிஞ்சுதோ?"

"இல்லை அம்மா. வீட்டில வைஃபை வேலை செய்யுதோ?"

"நிப்பாட்டி வைச்சிருக்கிறன். இப்ப ராகுகாலமெல்லோ. ஒண்டரைக்கே சுவிச்சை நிப்பாட்டிட்டன்."

கோபிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனம்மா?" என்றான் நிலக்ஷன்.

"உன்ர விண்ணப்பமொண்டும் அந்த நேரத்தில வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாதெண்டுதான். அண்டைக்கு நீ திங்கக்கிழமை எட்டு மணிக்கு அனுப்பிப்போட்டு வந்து நிண்டாய். கலண்டரைப் பாத்தன், எனக்கு நெஞ்சு பதறிச்சுது. அண்டையில இருந்து ஒரு நாளும் விடேல்லை. அஞ்சு நிமிஷம் கூட்டித்தான் விடுறனான், பெட்டி சூடாறவும் வேணுமெல்லோ." கொஞ்சம் நிறுத்தி, "தர்சன் தம்பியும் அங்க நிக்கிறாரோ? அவற்ற படகைப் பாத்துத்தான் இண்டைக்குச் சின்னம்மாவுக்கு உலை வைச்சனான். ஃபோன் டேற்றாவில நல்லா வேலை செய்யுதெண்டு சொல்லு," என்றார்.

நிலக்ஷன் ஃபோனை வைத்தான். அவன் நினைவில் ஹோல் சுவர் வந்து நின்றது: வைஃபை பெட்டி, அதன் சுவிச், அதற்கு நாலு விரல் தள்ளித் தொங்கும் நாட்கலண்டர். ஒவ்வொரு தாளின் அடியிலும் கறுப்பு எழுத்தில் நேரம் போட்டிருக்கும். கிழமை நாளெல்லாம் அவன் கம்பஸில். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நித்திரை. ஞாயிறு பின்னேரம் மண்கும்பானில் பந்தடி. தர்சன் விழுந்தானா என்று நூறு நாள் பார்த்தவன், தன் வீடு விழுந்ததா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

"இது நடக்கிறதுதான்," என்றார் ஜெனிஸ்ரன். சிரிப்பை அடக்கியதில் அவருடைய காது சிவந்திருந்தது. பிறகு பின்வரிசைக்குத் திரும்பினார். "தர்சன், ஒரு கேள்வி. உங்கட தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பதை எப்பிடி அளந்தனீங்கள்?"

தர்சன் எழும்பினான். அவன் முகத்தில் வெளிறல் இன்னும் போகவில்லை. "அளக்கேல்லை, சேர்."

"பிறகு?"

"எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை. வடிவா இருந்துது."

நிலக்ஷனின் நெஞ்சுக்குள் ஏதோ எழும்பி உட்கார்ந்தது. இடம் இன்னும் போகவில்லை! தர்சனிடம் ஆதாரம் இல்லை. உலகத்தில் ஒரேயொரு இடத்தில்தான் ஆதாரம் இருக்கிறது, அது தன் மடிக்கணினியில்.

துர்க்காவும் அங்கேதான் வந்தார். "நிலக்ஷன், உம்மட தரவில இருந்து ராகுகாலத்தையும் அம்மாட அந்த அஞ்சு நிமிஷத்தையும் கழிச்சுப்போட்டு என்ன மிஞ்சுதெண்டு பாரும். இப்பவே."

ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றினான். இரண்டு செக்கனில் விடை வந்தது. நூறு நாளில் உண்மையாக விழுந்தது பதினொரு நிமிடம். தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது ஒன்பது.

மடிக்கணினித் திரை அவனுக்கு மட்டுமே தெரிந்தது. சுவரில் இன்னும் பழைய படம்தான். 'கோப்பு திறக்குதில்லை, மிஸ்' என்று சொல்லலாம். 'தரவு பழுதாப்போச்சு' என்று சொல்லலாம். ஒரு ஒன்பதை விழுங்கினாலும் போதும், ஒருவருக்கும் தெரியாது. நிலக்ஷன் வாயைத் திறந்தான். ஆனால் அவன் நூறு நாளாக, அரை நிமிடத்துக்கு ஒருதரம், ஒரு பிழை விடாமல் சேர்த்த தரவு அது. தர்சனுக்கு நல்லது செய்வதைவிடத் தன் கணக்கைப் பிழையென்று சொல்வது அவனுக்குக் கூடுதலாக வலித்தது.

"தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது ஒன்பது, மிஸ்."

"எத்தினை ஒன்பது?"

"நாலு." பல்லுப் பிடுங்கக் கொடுத்தவன் போலச் சொன்னான். "அவர் போட்டதைவிட ஒண்டு கூட."

"இவ்வளவு சின்னச் செயலிக்கு இது கொஞ்சம் அதிகம்," என்றார் ஜெனிஸ்ரன் தர்சனைப் பார்த்து. "என்னண்டு?"

தர்சன் தலையைச் சொறிந்தான். "சேர், மூண்டு மாசத்துக்கு முன்னம் ஒண்டைக் கவனிச்சனான். சுருவில் பக்கமா ஒரு இணைப்பில இருந்து ஆரோ அரை நிமிஷத்துக்கு ஒருக்காப் படகு வந்திட்டுதோ எண்டு பாத்துக்கொண்டே இருக்கினம். பகல், இரவு, எந்த நேரமும். நெடுந்தீவில இருந்து ஆரோ முக்கியமான ஆள் வர இருக்கு, வாறார் இல்லைப் போல எண்டு நினைச்சன். பாவமா இருந்துது. அந்த ஆளுக்குப் பதில் போகாமல் விடக் கூடாதெண்டுதான் இரண்டாவது சேர்வர் ஒண்டு போட்டனான். நாளுக்கு ஒண்டரை மணித்தியாலம் மட்டும் கேக்கிறேல்லை. அந்த நேரம் கொஞ்சம் கண்ணயருறார் ஆக்கும் எண்டு விட்டிட்டன்."

இந்தத் தரம் துர்க்காவே கண் சிமிட்டினார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது, புங்குடுதீவுக்கு. நிலக்ஷனுக்கு ஆய்வில் நல்ல புள்ளி. அளக்கும் முறைக்குக் குறைத்து, விடாமுயற்சிக்குக் கூட்டியிருந்தார்கள். அறிக்கையைத் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். அம்மாவின் பெயரை எழுத மனம் வராமல், 'வீட்டு மட்டத்திலான திட்டமிட்ட பராமரிப்பு நேரம்' என்று ஒரு அட்டவணை போட்டான். தர்சனின் நியமனக் கோப்பில் நம்பகத்தன்மைக்கு ஆதாரமாக நிலக்ஷனின் திருத்திய வரைபடம்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்று கோபிகா சொன்னாள். வேறு செய்தி ஏதும் இருந்தால் பிறகு சொல்லும்படி அவன் கேட்டுக்கொண்டான்.

தர்சன் வேலைக்குப் போன முதல் திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு, நிலக்ஷன் வேறொரு நிறுவனத்துக்கான விண்ணப்பத்தை முடித்துவிட்டு மடிக்கணினிக்கு முன்னால் இருந்தான். வைஃபை இல்லை. சுவிச்சடியில் இராசமலர் காவல் நின்றார்.

"ஒன்பதுக்குப் பிறகு அனுப்பலாம். இன்னும் ஒரு மணித்தியாலம்தானே, பொறு."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

ஃபோனில் தர்சனின் செய்தி வந்தது. 'மச்சான், முதல் நாள். வெளிக்கிடுறன். நீ பாக்கிறதை நிப்பாட்டிப்போடாத. நீ பாக்கிறாய் எண்டாத்தான் எனக்கு ஒழுங்கா வேலை ஓடும்.'

அதில் நக்கல் இருக்கிறதா என்று நிலக்ஷன் நாலு தரம் வாசித்துத் தேடினான். இல்லை. தாடியைப் போலவே இதுவும் அவனுக்கு இயல்பாக வருகிறது.

ஒன்பது தாண்டி ஐந்து நிமிடத்தில் இராசமலர் சுவிச்சைப் போட்டார். நிலக்ஷன் விண்ணப்பத்தை அனுப்பினான். பிறகு அலுமாரிக்கு மேல் இருந்த கருவி என்ன சொல்கிறது என்று பார்த்தான். ஒன்பது ஏழுக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் வர நாலு செக்கன் எடுத்திருந்தது. வழக்கமாக அரைச் செக்கன்கூட எடுக்காது. புது வேலை. ஆள் களைத்துப்போயிருப்பான். சேர்வரைக் கவனிக்க நேரமில்லை.

"என்னடா தனியச் சிரிக்கிறாய்?" என்று கேட்டார் இராசமலர்.

"ஒண்டுமில்லை அம்மா. காலமைச் சாப்பாடு என்ன?"